யாரைக் கேட்டுச் செய்தீர்?

பிரேமலதா இதை யாரிடம் சொன்னாலும் கோபமாகத்தான் சொல்வாள். பயம் சில மாதங்களில் போய்விட்டது. கோபம் போகவில்லை. இட்டுக்கட்டிச் சொல்கிறவர்கள் ஆளுக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்வார்கள். இவள் ஒரு நிமிடத்தைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. பாளையங்கோட்டை தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளைச் சேர்த்துவிடும் ட்ரங்க் கால் போர்டில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவள். எந்த அழைப்பு எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது என்று சீட்டில் எழுதி எழுதி, கை தானாகவே நேரத்தைக் குறித்துவிடும். இங்கே வருகிற நேரங்களெல்லாம் அவள் கையால் குறித்து வைத்தவை.

நடந்தது 1992-ஆம் வருடம். ஆனி மாதம். இருட்டில் அல்ல. நல்ல வெயிலில், நடுப்பகலில் நடந்தது.

அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அதற்குப் பின்னால் பெரிய காரணம் எதுவும் கிடையாது. யாரும் ஏமாற்றவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேலை பிடித்திருந்தது, விடுதி அறை பிடித்திருந்தது, தனியாக இருப்பது பிடித்திருந்தது. வேண்டாம், அவ்வளவுதான். ஆனால் நாங்குநேரியில் சைக்கிள் கடை வைத்திருந்த அவள் அண்ணன் மணிராஜுக்கு அந்த ‘அவ்வளவுதான்’ போதவில்லை. அப்பா, அம்மா இல்லாத தங்கை. ஊர் அவனைத்தான் கேட்கும். ஏழு மாப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டான். ஏழு பேரையும் அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

ஜூன் 16, செவ்வாய்க்கிழமை.

போர்டில் தூத்துக்குடிக்கு ஒரு அழைப்பு சேர்த்துவிட்டாள். சீட்டில் நேரம் எழுதினாள். 12.07. பேனாவை வைப்பதற்குள் ஹெட்போனில் யாரோ எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. மிக அருகில். பிறகு ஒரு பெண் குரல்.

“சரின்னு... சொல்லு.”

எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளை மாதிரி, ஒவ்வொரு சொல்லாகத் தேடிப்பிடித்துச் சொன்னது. லைன் கலந்துவிட்டது என்று நினைத்தாள். அப்படி அடிக்கடி நடக்கும். வேறு லைனைத் திறந்தாள். அதிலும் அதே குரல். சலித்துப்போய் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“சரின்னு... சொல்லு.”

ஹெட்போன் மேசையில் இருந்தது. குரல் இடது காதில் இருந்தது. காதுமடலில் மூச்சு பட்டது. வெளியே தார் உருகுகிற வெயில். அந்த மூச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் குளிர்ந்திருந்தது.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

அடுத்த நாள் விடுமுறை. விடுதியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். 12.07. அதே குரல். வியாழக்கிழமை சாப்பாட்டு அறையில் இருந்தாள். பக்கத்தில் ஜுபைதா பீவி. மேலப்பாளையத்துக்காரர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர், போர்டில் அவளுக்கு வேலை பழக்கியவர். இடியாப்பம் கொண்டுவந்திருந்தார்.

“இன்னும் ரெண்டு வைக்கட்டுமாட்டி?”

பிரேமலதாவுக்கு வயிறு நிறைந்திருந்தது. போதும் அக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வாயிலிருந்து வந்தது வேறு.

“சரி.”

ஜுபைதா பீவியின் கை அந்தரத்தில் நின்றது.

“ஏட்டி, ஒன் குரலு ஏன் இப்படி இருக்கு?”

பிரேமலதாவால் வாயை அசைக்க முடியவில்லை. தாடையை யாரோ பிடித்திருந்தார்கள். பிள்ளைக்கு மருந்து புகட்டும்போது பிடிப்போமே, கட்டைவிரல் ஒரு கன்னத்திலும் மற்ற விரல்கள் மறு கன்னத்திலுமாக. அப்படி. சுவரில் இருந்த சிறிய கண்ணாடியில் பார்த்தாள். வலது கன்னத்தில் ஒரு சிவப்புத் தடம். இடது கன்னத்தில் நான்கு. மெலிந்த விரல்கள். பெண்பிள்ளையின் விரல்கள்.

12.30-க்கு அது விட்டது. தடம் சாயங்காலம் வரை இருந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போவமா?” என்றார் ஜுபைதா பீவி. என்னவென்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போவது? போகவில்லை. தினமும் குறித்து வைத்தாள். 12.07. 12.07. 12.07. ஒருநாள்கூடத் தப்பவில்லை.

ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. நாங்குநேரிக்கு வரச்சொல்லி அண்ணன் ஆள் அனுப்பியிருந்தான். மதினிக்கு உடம்பு சரியில்லை என்று தகவல். போய்ப் பார்த்தால் மதினி பட்டுச் சேலை கட்டி, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். ராதாபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்துகொண்டிருந்தார்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், நல்ல மனுசர் என்றார்கள். நல்லவர்தான். அதைப் பிரேமலதா இன்றைக்கும் மறுக்கமாட்டாள்.

வந்தவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள். பேசினார்கள். காப்பி குடித்தார்கள். விஷயத்துக்கு வராமல் மணிராஜ் எதையெதையோ இழுத்துப் பேசிக்கொண்டிருந்தான். சைக்கிள் விலை, மழை, வாழைக்காய் விலை. கடைசியில் மாப்பிள்ளையின் தாயார்தான் கேட்டார்.

“பிள்ளைய ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாமா? நாளைக்கு ஒரு பேச்சு வந்திரப்பிடாது பாருங்க.”

கேட்கட்டும் என்று பிரேமலதா காத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லத் தயாராக இருந்தாள்.

தாடை இறுகியது.

“ஒனக்குச் சம்மதமாம்மா?”

காதில் எச்சில் விழுங்கும் சத்தம்...

“சரி.”

அவள்தான் சொன்னாள். அவள் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். இல்லை, இல்லை என்று கத்த வாயைத் திறந்தாள். “சரி... சரி...” என்றுதான் வந்தது. கன்னம் சிவந்ததைப் பார்த்து, வெட்கப்படுகிறாள் என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். அந்தக் கண்ணீரோடுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் பார்க்கவில்லை.

அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தட்டு மாற்றி, ஆவணியில் நாள் குறித்து, சாப்பிட்டு அவர்கள் கிளம்ப மணி மூன்று ஆகிவிட்டது. தெருமுனை தாண்டும் வரை காத்திருந்து கேட்டாள்.

“அண்ணே, எதுக்குக் கெடியாரத்தப் பாத்தே?”

“எப்பம்?”

“நான் சரின்னு சொல்லுததுக்கு முன்னாடி. எல்லாரும் என்னையப் பாத்தாவ. நீ மணியப் பாத்தே.”

மணிராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்த முகத்தையே திரும்பத் துடைத்தான்.

“நல்லதுக்குத்தாம்ட்டி செஞ்சேன்.”

“என்ன செஞ்சே?”

சொன்னான். ஆற்றங்கரையில் ஒரு தோப்பில் பூதலிங்கம் என்று ஒருவர் இருக்கிறார். கெட்டது செய்யவே மாட்டார். யாரிடமும் வெற்றிலைகூட வாங்கமாட்டார். குடிகாரனைத் திருத்துவார், பிரிந்தவர்களைச் சேர்த்துவைப்பார், எல்லாம் புண்ணியத்துக்கு. போன தடவை அவள் வந்தபோது சீப்பில் கிடந்த சிக்குமுடியை எடுத்துப்போய் அவரிடம் கொடுத்தான். செவ்வாய்க்கிழமை தொடங்குகிறேன், உச்சிவேளை தாண்டியதும் அவள் வாயிலிருந்து ‘வேண்டாம்’ வராது, அந்த நேரம் பார்த்துக் கேளுங்கள் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார்.

அப்பா இறந்ததும் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் இந்த அண்ணன். தன் புத்தகப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு, பஞ்சர் ஒட்டப்போனவன். அவனைத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

“என்னையப் படிக்க வச்சே. அது நான் கேட்டேன், நீ குடுத்தே. சாகுத வரைக்கும் மறக்கமாட்டேன். இது நான் கேட்டனா?”

“ஒன்கிட்ட கேட்டா வேண்டாம்னுல்ல சொல்லுவே.”

“அதாம்ண்ணே என் பதிலு.”

மணிராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

“அந்த ஆளுகிட்டக் கூட்டிட்டுப் போ,” என்றாள்.

ஜூலை 1, புதன்கிழமை. இரண்டு பேருந்து மாறி, வரப்பில் நடந்து, தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 11.55. தென்னை மரங்களுக்கு அந்தப் பக்கம் தாமிரபரணி ஓடும் சத்தம் கேட்டது. ஓட்டுவீடு. முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. மண்டையோடு, எலுமிச்சம்பழம் என்று எதுவும் இல்லை. பூதலிங்கம் ஓய்வுபெற்ற வாத்தியார் மாதிரி இருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, சாந்தமான முகம்.

“வா தாயி. வெயில்ல வந்திருக்கே. எளநி குடி.”

“எனக்கு என்ன செஞ்சீரு?”

“பைய பேசுட்டி,” என்றான் மணிராஜ் பின்னாலிருந்து.

“பேசட்டும் அண்ணாச்சி,” என்று பூதலிங்கம் சிரித்தார். “செய்வினை எல்லாம் இல்ல தாயி. எனக்குத் துணையா ஒரு கன்னி இருக்கா. இறந்துபோன பிள்ளை. நான் சொன்னதச் செய்வா. நாப்பத்தோரு நாளு உச்சியில வந்து ஒன் காதுல ஒரு நல்ல சொல்லு சொல்லிட்டுப் போவா. அதுக்கப்புறம் ஒனக்கே பிடிச்சிரும்.”

“பிடிக்கலன்னா?”

“பிடிச்சிரும்.”

அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. திருடன் பிடிபட்டால் முழிப்பான். இந்த மனிதர் நிம்மதியாகச் சிரிக்கிறார்.

“என்னையக் கேட்டீரா?”

“காய்ச்சக்காரன்கிட்ட கேட்டுக்கிட்டா மருந்து குடுப்பாவ?”

“எனக்குக் காய்ச்சலே இல்லையே!”

“அது காய்ச்சக்காரனுக்குத் தெரியாது தாயி. இந்த ஆத்தங்கரையில எத்தன வீட்டுல விளக்கு எரியுது தெரியுமா, என்னால? விட்டுட்டு ஓடுனவன் திரும்பி வந்திருக்கான். குடிச்சவன் நிறுத்தியிருக்கான். எவனைக் கேட்டுச் செஞ்சேன்? கேட்டா எவன் ஒத்துக்கிடுவான்?”

“அப்பம் அவனுக வாயையும் பொத்திட்டுத்தான் வச்சிருக்கீரு.”

பூதலிங்கத்தின் சிரிப்பு லேசாகக் குறைந்தது. பிரேமலதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். 12.05.

“எடும்வே அத. இப்பமே எடும். எனக்கு நல்லது எது, கெட்டது எதுன்னு சொல்லுததுக்கு நீரு யாரு? என் வாய் வே இது. என் வாய்!”

இதுவரை அவள் யாரையும் அப்படிப் பேசியதில்லை. மணிராஜ் அவள் தோளைத் தொட்டான். தட்டிவிட்டாள்.

12.06.

காற்று நின்றது. தென்னை ஓலைகள் அசையவில்லை. ஆற்றின் சத்தம்கூடக் கேட்கவில்லை.

12.07.

எச்சில் விழுங்கும் சத்தம்.

கன்னத்தில் விரல்கள் பதிந்தன. ஒன்று... நான்கு.

“சரின்னு... சொல்லு.”

“நல்ல பிள்ளையா சரின்னு சொல்லு தாயி,” என்றார் பூதலிங்கம்.

பிரேமலதாவின் வாய் திறந்தது. ‘ச’ வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்தாள். நாக்கில் இரத்தம் கரித்தது. அத்தனை நாளும் அந்தக் குரலைக் கண்டு நடுங்கியிருந்தாள். இப்போது, அந்தக் கோபத்தில், ஒன்று தோன்றியது. இந்தக் குரலும் யாரோ ஒருத்தியுடையது. இவளும் ஒரு பெண்பிள்ளை.

தாடையைப் பிடித்த கைக்குள்ளேயே சொற்களை நசுக்கிக் கேட்டாள்.

“நீ... யாருட்டி? இவரு... ஒன்னையக் கேட்டாரா?”

சத்தம் இல்லை.

“ஒன்னையக் கேட்டாரா?”

விரல்கள் நடுங்கின. அவள் கன்னத்தின் மேலேயே நடுங்கின.

பிறகு பிரேமலதாவின் வாய் திறந்தது. அவள் திறக்கவில்லை.

“கேக்கல.”

பூதலிங்கத்தின் கையிலிருந்த இளநீர் விழுந்தது.

“கேக்கல... என்னையும்... கேக்கல.”

“பேசாத,” என்றார் பூதலிங்கம். அவர் பிரேமலதாவைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளுடைய இடது தோளுக்கு மேலே பார்த்துச் சொன்னார். “நீ பேசாத... ஒனக்கு அந்த ரெண்டு சொல்லுதானே சொல்லிக் குடுத்தேன்... வேற எங்கன படிச்சே?”

விரல்கள் விட்டன.

ஈர மண்ணில் காலடி பதிந்தது. ஒன்று. இன்னொன்று. தண்ணீர் தெளித்த முற்றத்தில், யாரும் நடக்காமல், சிறிய காலடிகள். பிரேமலதாவிடமிருந்து விலகி... பூதலிங்கத்தை நோக்கி...

அவர் பின்னால் போனார். வீட்டுக்குள் போனார்.

காலடிகளும் போயின.

கதவு சாத்திக்கொண்டது.

12.10.

ஓலைகள் அசைந்தன. ஆறு கேட்டது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மணிராஜ் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். பேருந்து ஏறும் வரை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேருந்தில் அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். “மன்னிச்சிருட்டி,” என்றான். அந்த மன்னிப்பைக் கொடுக்க அவளுக்கு நான்கு வருடம் பிடித்தது. ராதாபுரத்துக்காரரை அவளே போய்ப் பார்த்தாள். எனக்கு விருப்பம் இல்லை என்று மட்டும் சொன்னாள். “அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா,” என்றார் அவர், வருத்தமாக.

குரல் அதற்குப் பிறகு வரவில்லை. பூதலிங்கம் அன்றைக்கு உள்ளே போனவர், வாசலுக்கே வருவதில்லை என்று கேள்வி. யார் போய்க் கூப்பிட்டாலும் கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கிறதாம். பேச்சு இல்லையாம்.

ஜூலை 24, வெள்ளிக்கிழமை. மாலை 5.15. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது, கேட் அருகே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். இடுப்பில் ஐந்து வயதுப் பையன், சுமக்க முடியாத வயதிலும் இறக்கிவிடாமல் பிடித்திருந்தாள்.

“நீதான பிரேமலதா?”

“ஆமா.”

“என் பேரு ஆவுடைத்தாய். பூதலிங்கய்யா வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. ஒன் அண்ணன்கிட்ட விசாரிச்சுத்தான் வாரேன். என் குடும்பத்தக் கெடுத்துட்டியே பாவி.”

தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

“என் வீட்டுக்காரரு என்னைய விட்டுட்டுப் போன மனுசன். பூதலிங்கய்யாதான் திரும்ப வர வச்சாரு. ஆறு வருசம் ஒழுங்கா இருந்தாரு. அந்தப் புதன்கிழமை, பன்னெண்டு பத்து இருக்கும். சாப்பிட்டுக்கிட்டு இருந்தவரு கைய ஒதறிட்டு எந்திரிச்சாரு. நான் எங்கன இருக்கேன்னு கேட்டாரு.” அவள் குரல் உடைந்தது. “இந்தப் பிள்ளையப் பாத்து... இது யாருன்னு கேட்டாரு. அப்படியே எறங்கிப் போயிட்டாரு.”

பையன் பிரேமலதாவையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தான்? ஆனாலும் கோபம் தணியவில்லை. பூதலிங்கம் மேல்தான் கோபம். இப்படி ஒரு பிள்ளை பிறக்கும் என்று அந்த நல்ல மனிதர் ஒரு நிமிடம் யோசித்தாரா?

“நான் ஒண்ணு கேக்கேன் அக்கா,” என்றாள். “அந்த ஆறு வருசத்துல அவரு ஒரு தடவையாவது சிரிச்சாரா?”

ஆவுடைத்தாய் பையனைக் கீழே இறக்கிவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். திரும்பிப் போகப்போனவள் நின்றாள்.

“ஊருல ஒண்ணு சொல்லுதாவ. அந்தக் கன்னி ஒன் காதுல பேசுச்சுன்னு. அது நெசமா?”

“நெசம். தெனமும் பேசுச்சு. கடைசியில என் வாயாலயும் பேசுச்சு.”

ஆவுடைத்தாயின் முகம் வெளுத்தது.

“அது யாருன்னு தெரியுமா ஒனக்கு? பூதலிங்கய்யா மவ. பேச்சித்தாய். நானும் அவளும் ஒண்ணாத்தான் வெளையாடுவோம். ஒம்பது வருசம் முந்தி அவளப் பொண்ணு பாக்க வந்தாவ. சம்மதமான்னு கேட்டாவ. அவ தலைய இப்படி... இப்படி ஆட்டுனா, இல்லன்னு. அய்யாதான் முன்ன வந்து, எம்பிள்ளைக்குச் சம்மதம்னு சொல்லிட்டாரு. கல்யாணத்துக்கு மொத நாளு ஆத்துல மிதந்தா.”

“அவ வாயத் தெறந்து வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா அக்கா?”

ஆவுடைத்தாய் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“எப்படிச் சொல்லுவா? பேச்சித்தாய் பிறவி ஊமைல்லா.”